சீர்த்தட்டில் வைத்த பங்குகள்

தேன்மொழி,

சனிக்கிழமை மாப்பிள்ளையிடம் போக உனக்கு விமானம். நேற்றுச் சாயங்காலம் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "நீயே சொல்லும்மா, அதெல்லாம் வித்துட்டுப் போவட்டுமா, அப்படியே வச்சிருக்கட்டுமா?" என்று கேட்டாய். நான் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்குவதுபோல் இருந்துவிட்டேன். இந்தக் காலத்து அரிசியில் கல் ஏது? அது உனக்கும் தெரியும். கேட்ட கேள்விக்கு உடனே, முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று கான்வென்ட்டில் பழக்கப்பட்டவள் நான். உன்னையும் அப்படித்தான் பழக்கினேன். ஆனால் இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் கோபம் முந்திக்கொண்டு வந்துவிடும் என்று பட்டது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை மாப்பிள்ளையும் வாசிக்கலாம், உன் மாமியாரும் வாசிக்கலாம். ஒருவருக்குத் தெரிந்து இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டியது இதில் எதுவும் இல்லை.

"அதெல்லாம்" என்று நீ சொன்னது, அமெரிக்கப் பங்குச் சந்தையில் உன் பெயரில் இருக்கும் பங்குகள். அவை முசரவாக்கத்தில் உன் அப்பா வாங்கிய நிலத்தை விற்ற பணத்தில் வந்தவை. உன் அப்பாவின் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவும் அறுப்பும் பார்த்தவர்; வரப்பில் உட்காரக்கூட ஒருவரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தவர். உன் அப்பா பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுச் சேர்த்த காசில் அந்த ஊரிலேயே ஒரு துண்டு நிலம் வாங்கினார். அதில் அவர் பயிர் ஒன்றும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய்ச் சிறிது நேரம் நின்றுவிட்டு வருவார். என்ன பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்று கேட்டால், "இருக்குதான்னு பாத்துட்டு வந்தேன்" என்பார். அந்த நிலத்தை நான் விற்றேன் என்பதை உன் அத்தை அஞ்சலை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் இருந்திருந்தால் மன்னித்திருப்பார் என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் நீ வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அந்த நிலத்தைப் போய்ப் பார்க்க யாரும் இல்லை. பக்கத்துக்காரர் வேலி ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

விற்றபோது நடந்ததை நீ பார்த்தாய். முதலில் வந்தவர் நல்ல விலை சொன்னார். ஆனால் கிரயப் பத்திரத்தில் அரசாங்கம் வைத்த வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதியை ஒரு பையில் தருவதாகச் சொன்னார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். நான் எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். அவர் புரிந்துகொண்டு கிளம்பிவிட்டார். அடுத்தவர் வரும்வரை பல மாதங்கள் காத்திருந்தோம். குறைந்த விலைதான். ஆனால் முழுவதும் வங்கி வழியாக வந்தது. லாபத்துக்குரிய வரியைக் கட்டினேன். மிச்சத்தை உனக்கு அன்பளிப்பாக எழுதிக்கொடுத்தேன். தாய் மகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வாங்குகிறவள் வரி கட்ட வேண்டியதில்லை. பையில் வந்த பணமாக இருந்திருந்தால் நகைக்கடை வரைக்கும் போயிருக்கும், கடல் தாண்டியிருக்காது. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இது எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கிறது. கேட்கட்டும் என்றுதான் நான் அப்படி விற்றேன்.

நகை வாங்காமல் ஏன் இதை வாங்கினோம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், அது உன் யோசனை என்பதுதான். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் நீ இருந்தாய். அங்கே உன்னோடு வேலை பார்த்தவர்கள் மாதா மாதம் இப்படி வாங்குவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாய். எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. அஞ்சலை அத்தைக்கு அதைவிட இல்லை. வெளிநாட்டுப் பங்கை நாமாக வாங்க முடியாது, ஒரு புரோக்கர் வழியாகத்தான் வாங்க வேண்டும் என்று நீ விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"புரோக்கருன்னா? வெளியூர் காரு வந்து நின்னா துண்ட தோள்ல போட்டுக்கினு பின்னாடியே ஓடுவானே, பட்டுப் பொடவ கடையக் காட்றேன்னு, அவனா?"

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. கோயிலுக்கு வருகிறவர்களைக் கடைக்குக் கூட்டிப்போகிற ஆள் அவர்களிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. அவன் கூலி புடவை விலைக்குள் இருக்கிறது. அதே கண்ணோடு இதையும் பார்க்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். நீ காட்டிய உள்ளூர் ஆப் 'கமிஷன் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ரூபாயை டாலராக மாற்றும்போது அவர்கள் போட்ட விலையையும், அன்றைக்குப் பத்திரிகையில் வந்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் இருந்தது. அதோடு ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் வங்கிக் கட்டணம். அதனால்தான் மாதா மாதம் சிறிது சிறிதாக அனுப்பாமல், மார்ச்சில் ஒரு தடவை, ஏப்ரலில் ஒரு தடவை என்று அனுப்பினோம். ஒரு நிதியாண்டில் பத்து லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகையில் இருபது சதவீதத்தை வங்கி வரியாக முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். அது பிறகு கணக்கில் கழியும் என்றாலும் அதுவரை பணம் நம் கையில் இல்லை. வருஷம் மாறும் இடத்தில் இரண்டாகப் பிரித்தது உன் யோசனை. நான் உன்னிடம் அப்போது சொல்லவில்லை. அன்று உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

அந்த ஆப்காரர்களின் உதவி மையத்துக்கு நான் போன் செய்ததை நீ உன் கல்யாணத்துக்கு வந்த தோழிகளிடம் எல்லாம் நடித்துக் காட்டினாய். காட்டிக்கொள். எனக்கு வேண்டியது மூன்றே விஷயம். பங்கு யார் பெயரில் இருக்கும், யார் கையில் இருக்கும், நாளைக்கு நீங்கள் கடையை மூடினால் என் மகள் யாரிடம் போய்க் கேட்பாள்? போனை எடுத்த பையன் தமிழில் ஆரம்பித்து, ஆங்கிலத்துக்கு மாறி, அங்கே நான் இன்னும் விடாமல் பிடித்ததும் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் சொன்னது இது: உள்ளூர்க்காரர் ஏற்பாடு செய்கிறவர் மட்டும். கணக்கு அந்த நாட்டு புரோக்கரிடம் உன் பெயரில் இருக்கும். அவர் நொடித்துப்போனால் ஒரு அளவு வரை காப்பீடு உண்டு. பங்கு விலை விழுந்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை. இந்தப் பதில்களை வாங்கிக்கொண்ட பிறகுதான் சரி என்றேன்.

கணக்குத் திறக்கும்போது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அதோடு சரி. பாஸ்போர்ட்டில் இருப்பதைப் பார்த்து நீ அப்பாவின் பெயரை, 'கன்னியப்பன்' என்று அடித்தாய். அப்போது இரண்டு பேருமே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் தடவை வாங்கிய சாயங்காலத்தை நான் மறக்க மாட்டேன். பக்கத்து வீட்டில் தறி நின்று, கால் கழுவும் சத்தம் கேட்டது. தெருக்கோடியில் சாமி புறப்பாட்டுக்கு மேளம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மணி ஏழு ஆகும்வரை உன் போனில் எதுவும் அசையவில்லை. ஏழு ஆனதும் எல்லா எண்களும் உயிர் வந்ததுபோல் ஓட ஆரம்பித்தன. அவர்களுக்கு அப்போதுதான் விடிந்து, கடை திறக்கிறார்கள் என்றாய். குளிர்காலம் வந்தால் எட்டு மணிக்குத் திறப்பார்கள், ஏனென்றால் அந்த நாடே கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளும் என்றாய். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். இந்த ஊர்ப் பட்டு வியாபாரிக்கு வெளிநாட்டு லைன் ஒன்று பிடித்துக் கொடுக்கப் பாதி நாள் ஆகும். அங்கிருந்து ஒரு 'ஹலோ' வந்தால் போர்டில் இருக்கும் நாங்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம். அந்தத் தூரத்தை நீ நம் சமையலறையில், வெங்காயத் தட்டுக்குப் பக்கத்தில், கட்டைவிரலால் கடந்தாய். பெரும்பகுதியை ஐந்நூறு கம்பெனிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு நிதியில் போட்டாய். அது புத்தி. மிச்சத்தில் ஒரே ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கினாய். அது பாசம். உன் அப்பா காலமெல்லாம் தொட்டியில் கரைத்த சாயத்தூள், மூடியில் நீல வளையம் போட்ட டப்பாவில் வருமே, அந்தக் கம்பெனி. அது இன்னும் இருக்கிறதா என்று நான் கேட்டேன். "இருக்குதும்மா, அதுல நாம இப்ப ஒரு துளி" என்றாய்.

அந்தச் சாயக் கம்பெனி லாபத்தில் நமக்குப் பிரித்துக் கொடுத்த முதல் டிவிடெண்ட் வந்தபோது அது ஒரு டீ குடிக்கும் காசுகூட இல்லை. அதிலும் கால் பகுதியை அந்த நாட்டு அரசாங்கம் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பியிருந்தது. நான் கோபப்பட்டேன். நீ ஆடிட்டரிடம் கேட்டு வந்து சொன்னாய்: நம் நாட்டுக்கும் அவர்களுக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, அதனால்தான் கால் பகுதியோடு நிறுத்திக்கொண்டார்கள், அங்கே பிடித்ததை இங்கே கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம், அதற்குத் தனிப் படிவம் உண்டு. நான் அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார்பாளையத்துச் சந்து ஒன்றில் இருக்கும் உன் சில்லறைக் காசுக்கு இரண்டு முறை வரி விழக்கூடாது என்று, உன்னைப் பார்த்தே இராத இரண்டு அரசாங்கங்கள் எப்போதோ உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. உன் தாத்தாவின் கூலியைப் பற்றி யாரும் எந்த மேஜையிலும் பேசியதில்லை. எனக்குப் பிரமிப்பாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தவறு அங்கேதான் நடந்தது, அதைச் செய்தது நான். சீர்த்தட்டு எத்தனை, அதில் என்னென்ன என்று ஊர் பார்க்கும் என்பது எனக்குத் தெரியும். பழம், புடவை, குத்துவிளக்கு, வெள்ளிச் சாமான் எல்லாம் வைத்தோம். நகைத்தட்டு மட்டும் மெலிவாக இருந்தது. அந்த மெலிவை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாரும் கேட்பார்கள், கேட்காதவர்கள் பார்ப்பார்கள். அதனால் உன் பங்குக் கணக்கின் நிலவரத்தைக் கடையில் கொடுத்து நல்ல தாளில் அச்செடுத்து, வெள்ளித்தட்டில் மஞ்சள் குங்குமம் வெற்றிலையோடு வைத்தேன். அந்தத் தட்டைத் தூக்க அஞ்சலையிடம் சொன்னேன்.

"இன்னா அண்ணி, காயிதத்த தட்டுல வச்சிக்கினு தெருவுல நடக்கச் சொல்றீங்க? ஊரே சிரிக்கும்" என்றாள். தூக்கினாள், ஆனால் தாள் தெரியாதபடி நடுவில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டாள். மண்டபத்தில் நான் போய் அந்தத் தேங்காயை எடுத்துவிட்டேன். மாப்பிள்ளையின் பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை எட்டத்தில் பிடித்துப் பார்த்து, "இது எத்தன சவரன் தேறும்?" என்று கேட்டார். நான் சவரன் கணக்கிலேயே பதில் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

தட்டில் வைத்தது எல்லாம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். அதுதான் வழக்கம், நான் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் வழக்கம். வங்கியையும் வரித்துறையையும் வெளிநாட்டு புரோக்கரையும் ஒவ்வொரு வரியாக விசாரித்தவள், நம் சொந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. மறுவீட்டு விருந்தன்று உன் மாமியார் திருப்புட்குழியிலிருந்து வந்து, வடையைப் பிட்டுக்கொண்டே, மிக அன்பாகத்தான் கேட்டார்.

"சம்மந்தி, தட்டுல வச்சிக் குடுத்தீங்களே, அந்த ஷேரு. அது பையன் பேருக்கு மாத்துறது எப்பன்னு சொன்னீங்கன்னா அவன் அங்க ஏற்பாடு பண்ணிக்குவான்."

அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. குத்துவிளக்கு யாருடையது, வெள்ளிச் சாமான் யாருடையது என்றால் இதுவும் அவர்களுடையதுதான். பாயசம் எடுத்துவர உள்ளே போனேன். உன் முகத்தைப் பார்த்தேன். நீ வாழையிலையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாய். விசா வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையே பேச்சை முடித்தார். இப்போது விசா வந்துவிட்டது.

மாப்பிள்ளை போனில் உன்னிடம் சொன்னதை நீ எனக்குச் சொன்னாய். அதில் பணக்கணக்கு சரி. இங்கிருக்கும் ஆப்பைவிட அங்கே நேரடியாக ஒரு புரோக்கரிடம் வாங்கினால் செலவு குறைவு. நீ வெளிநாட்டில் குடியேறிய பிறகு, இங்கே வசிப்பவர்களுக்கான வழியில் பணம் அனுப்ப முடியாது; இந்த ஆப் உன் விலாசம் மாறியதும் கணக்கை மாற்றச் சொல்லும். இதெல்லாம் உண்மை. ஆனால் 'வித்துட்டு வா, என் கணக்குல சேத்து வாங்கிடலாம்' என்பது அதிலிருந்து தானாக வருவதில்லை. நீ வாங்கி இரண்டு வருஷம் ஆகவில்லை. இப்போது விற்றால் லாபம் உன் சம்பளத்தோடு சேர்ந்து முழு வரி விகிதத்தில் விழும். பொறுத்திருந்தால் குறைவு. மாப்பிள்ளை இருக்கும் நாடு அமெரிக்கா இல்லை; அங்கே போய்விட்டால் அந்த நாட்டு விதி வேறு. நீ போய் இறங்கும் நாளன்று ஒவ்வொரு பங்கும் என்ன விலை என்று எழுதி வைத்துக்கொள், பிறகு லாபத்தைக் கணக்கிட அது வேண்டும் என்று ஆடிட்டர் சொல்கிறார். விலாசம் மாறியதும் வரி ஒப்பந்தத்துக்கான படிவத்தைப் புதிதாகக் கொடு. இந்த வருஷத்துக்கு இங்கே தாக்கல் செய்யும் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியை விட்டுவிடாதே. எதையும் விற்காவிட்டாலும், ஒரு காசு வராவிட்டாலும், வைத்திருப்பதையே சொல்ல வேண்டும். அதுவும் ஏப்ரலிலிருந்து இல்லை, ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. அந்தக் கணக்கில் வாரிசு நியமனம் இல்லை, ஆகவே உயில் எழுது. சின்ன வயசில் உயிலா என்று கேட்காதே. அமெரிக்காவில் குடியிராத ஒருவர் இறந்தால், அங்கிருக்கும் சொத்து அறுபதாயிரம் டாலரைத் தாண்டினால் வரி கேட்பார்கள். நாம் அந்த அளவுக்கு எட்டவில்லை. எட்டும்போது தெரிந்திருக்கட்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைப் படித்தபோது நான் எழுந்து கொஞ்ச நேரம் கூடத்தில் நடந்தேன். நம் வருமான வரிச் சட்டப்படி, நீ உன் பங்குகளைக் கணவனுக்கு இனாமாகக் கொடுத்தாலும், அதில் வரும் வருமானத்தை உன்னுடையதாகவே எண்ணி உன்னிடம்தான் வரி கேட்பார்கள். அங்கேயும் இதுபோல ஒரு விதி உண்டாம்; மாப்பிள்ளை விசாரித்துப் பார்க்கட்டும். வரியைத் தப்பிக்கவிடக் கூடாது என்று போட்ட சட்டம்தான். ஆனாலும், கைமாறிய பிறகும் இது இவளுடையது என்று அரசாங்கம் நினைவு வைத்துக்கொள்கிறதே என்று இருந்தது எனக்கு.

போன வாரம் அந்த மின்னஞ்சல் வந்தது. நீ கடைக்குப் போயிருந்தாய். போனை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாய். அஞ்சலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நீல வளைய டப்பாக் கம்பெனியின் வருடாந்திரக் கூட்டம், பங்குதாரர்கள் வாக்களிக்க வேண்டும் என்று இருந்தது. மதிப்புக்குரிய கன்னியப்பன் அவர்களுக்கு என்று ஆரம்பித்தது. குடும்பப் பெயரை வைத்துக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். அது உன்னைத்தான் குறிக்கிறது என்றும் தெரியும். தெரிந்தும் என்னால் மேலே படிக்க முடியவில்லை. உன் அப்பாவை இந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. பட்டறையிலும் ரேஷன் கடையிலும் அவர் 'சாயக்காரன்'. வயது ஏறிய பிறகு 'சாயக்காரர்'. அவ்வளவுதான் உயர்வு.

"இன்னா போட்டிருக்குது?" என்று அஞ்சலை கேட்டாள். சொன்னேன். கீரையைக் கீழே வைத்தாள். "எங்கண்ணன் பேரா? அந்த டப்பாக்காரனா?" அவள் வீட்டில் இன்றும் புளி போட்டு வைத்திருப்பது அந்த டப்பாவில்தான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு முழுவதையும் படித்தேன். இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பது, தணிக்கையாளரை நியமிப்பது எல்லாம் கடந்து கடைசியில் ஒரு தீர்மானம். எங்கேயோ இருக்கும் ஒரு பங்குதாரர் கொண்டுவந்தது. கம்பெனியின் தூளைக் கையாளும் தொழிலாளர்களின் மூச்சு நலன் பற்றி, வெளிநாடுகளில் உள்ள சிறு பட்டறைகளையும் சேர்த்து, ஒவ்வொரு வருஷமும் கம்பெனி அறிக்கை தர வேண்டும் என்று கேட்கிறது அது. இதற்கு எதிராக வாக்களியுங்கள் என்று இயக்குநர் குழு பரிந்துரைக்கிறது.

உன் அப்பாவின் இருமலுக்கு அந்தத் தூள்தான் காரணம் என்று நான் எழுத மாட்டேன். டாக்டர் சொல்லவில்லை, தெரியாததை நான் சொல்வதில்லை. ஆனால் டப்பாவைத் திறக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு திறப்பார் என்பதும், துண்டு எந்த நிறத்தில் வந்தது என்று பார்த்தே அன்று என்ன சாயம் என்று நான் சொல்லிவிடுவேன் என்பதும் எனக்குத் தெரியும். இப்படி ஒரு மனிதர் இருப்பார் என்று யாரோ ஒருவர், எந்த ஊரோ, நினைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார். அவருக்கு ஆமாம் சொல்வதா இல்லையா என்று உன்னைக் கேட்கிறார்கள். அந்தப் பெரிய கூட்டத்தில் உன் ஓட்டு ஒரு துளிகூட இல்லை. தீர்மானம் தோற்றும் போகலாம். இருந்தாலும் கேட்டிருக்கிறார்களே என்று நான் அதிசயித்துப்போய் உட்கார்ந்திருந்தேன், கீரை வாடும்வரை.

இன்று காலை உன் மாமியாருக்கு நானே போன் செய்தேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். தட்டில் வைத்தது என் தவறு, அது தேன்மொழியுடையது, கொடுக்கும் உரிமை எனக்கு இல்லாததை ஊர் பார்க்கட்டும் என்று வைத்துவிட்டேன் என்றேன். இதைச் சொல்வதற்கு முன் மூன்று தடவை எண்ணை அடித்து நிறுத்தினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"அப்ப தட்டத் திருப்பி அனுப்பிடட்டுமா சம்மந்தி?" என்றார்.

"தட்டு வெள்ளி. அது உங்களுது. தாள மட்டும் குடுத்து அனுப்புங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பெருந்தன்மையான சிரிப்பு, நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பேனா என்று தெரியவில்லை. மத்தியானமே மாப்பிள்ளையின் பெரியப்பா பைக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஓரத்தில் மஞ்சள் கறை. அதை உன் பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன்.

இனி உன் கேள்விக்குப் பதில். விற்காதே. அங்கே போய் மாப்பிள்ளை சொல்கிற அதே புரோக்கரிடம் உன் பெயரில் தனிக் கணக்கு திற; செலவு குறையும் என்று அவர் சொன்னது சரிதான். முடிந்தால் பங்குகளை விற்காமல் அப்படியே அங்கே மாற்று. அவருக்கு ஒரு கணக்கு, உனக்கு ஒரு கணக்கு. சேர்ந்து வாழ்வதற்குச் சமையலறை ஒன்றாக இருந்தால் போதும். இது என் கருத்து. சொத்து உன்னுடையது, ஆகவே முடிவும் உன்னுடையது. நாளைக்கே எல்லாவற்றையும் விற்று அந்த ஊரில் குளிருக்குக் கோட்டு வாங்கினாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். கேட்காமல் இருக்கக் கஷ்டப்படுவேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று மட்டும் உன் இஷ்டத்துக்கு விடவில்லை. நாளைக்கு ஓட்டுப் போடக் கடைசி நாள். யார் பெயரில் பங்கு இருந்தது என்று அவர்கள் குறித்துக்கொண்ட தேதி முன்பே போய்விட்டது. ஆகவே நீ விற்றாலும் விற்காவிட்டாலும் இந்த ஓட்டு உன்னுடையது. நாளை விளக்கு வைக்கும் நேரத்துக்கு அஞ்சலை அத்தை வருகிறாள். கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு வருவாளாம். ஓட்டுப் போடப் போகும்போது பழைய புடவையா கட்டுவார்கள் என்று என்னைக் கேட்கிறாள். விரலில் மை வைப்பார்களா என்று கேட்டாள். இல்லை, போனில் அழுத்துவதோடு சரி என்றேன்.

"எங்கண்ணன் வெரல்ல மை வெக்கவே எடம் கெடைக்காது அண்ணி" என்றாள். "எல்லா வெரல்லயும் சாயம். அந்த ஆபீசரு கையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு நிப்பாரு."

புளியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. திரையில் உன் பெயர் வரும். அதன் பின்னால் அவர் பெயர் வரும். அதை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. தீர்மானத்தையும் தமிழில் சொல்லு. அவள் தலையாட்டிய பிறகு அழுத்து. அவசரப்படாதே.

அம்மா